பழைய பொறிக்குப் புதிய ஏடு

ஓலையில் எழுதிய நம் முன்னோர் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர். ஓலை நிலையாது, பூச்சியும் ஈரமும் அதை அரித்துவிடும். ஆதலால் பழைய ஏடு நைந்து போகுமுன் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினர். அவ்வாறு எழுதுவார் கிடைத்த நூல்கள் நம் காலம் வரை வந்து சேர்ந்தன. கிடைக்காத நூல்களுள் பலவற்றின் பெயரை மட்டுமே உரையாசிரியர்களின் வாயிலாக இன்று அறிகிறோம். ஓலையின் ஆயுள் நூற்றாண்டுக் கணக்கில் அமைவது. 1970களிலும் 1980களிலும் வீடுகளுக்குள் புகுந்த சிறு கணிப்பொறிகள் எழுதி வைத்த ஏடோ காந்த நாடா. அதன் ஆயுள் சில பத்தாண்டுகளே. அந்தப் பொறிகளுள் பல இன்னமும் உயிரோடு இருக்கின்றன; அவற்றின் ஏடுகள்தாம் அழிந்து வருகின்றன. பொறிக்குப் புதிய ஏடு கட்டித் தரும் முயற்சி உலகின் பல மூலைகளில் நடந்து வருகிறது. அதன் வரலாற்றையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இங்கே காண்போம்.

முதலில் ஒரு விளக்கம். அக்காலத்து வீட்டுக் கணிப்பொறி, விசையை அணைத்தவுடன் தன் நினைவகத்தில் இருந்த அனைத்தையும் மறந்துவிடும். ஒரு சிறுவன் மாலை முழுதும் உழைத்து எழுதிய நிரல், மின்சாரம் ஒரு விநாடி நின்றால் போயிற்று. எனவே எழுதியதைச் சேமித்து வைக்கப் பொறிக்கு வெளியே ஒரு துணைச் சாதனம் தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்களில் இருந்த கணிப்பொறிகளுக்குக் காந்தத் தட்டுகள் உண்டு. அவற்றின் விலையோ வீட்டார் கைக்கு எட்டாதது. அந்நிலையில் கண்ணில் பட்டது, எல்லார் வீட்டிலும் பாட்டுக் கேட்கப் பயன்பட்ட காஸெட் ஒலிப்பதிவுக் கருவி.

1975ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துக் கான்ஸஸ் நகரில், 'பைட்' என்னும் பத்திரிகை ஒரு கூட்டம் கூட்டிற்று. கணிப்பொறியின் செய்தியைக் காஸெட்டில் பதிய ஒரு பொது முறை வேண்டும் என்பதே அதன் நோக்கம். அங்கு உருவான முறை எளிமையானது. கணிப்பொறி அறிந்த எழுத்துக்கள் இரண்டே: சுழி, ஒன்று. சுழியைக் குறிக்க, விநாடிக்கு 1200 அதிர்வுகள் கொண்ட ஒலியில் நான்கு அலைகள். ஒன்றைக் குறிக்க, 2400 அதிர்வுகள் கொண்ட ஒலியில் எட்டு அலைகள். விநாடிக்கு 300 இலக்கங்கள் என்பது அதன் வேகம். 16 கிலோபைட் அளவுள்ள ஒரு நிரலை உள்ளே வாங்கச் சுமார் பத்து நிமிடம் பிடிக்கும். காதால் கேட்டால் அது கீச்சிடும் ஒரு சத்தம். பொறிக்கு அதுவே பேச்சு.

பொது முறை ஒன்று பிறந்தும் அது நிலைபெறவில்லை. 1977ஆம் ஆண்டு முதல் கடைக்கு வந்த பொறிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பேச்சை வகுத்துக்கொண்டன. 1982இல் பிரிட்டனில் வெளிவந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஏறத்தாழ விநாடிக்கு 1500 இலக்கங்கள் என்னும் வேகத்தில் பேசியது. அதே நாட்டில் 1981 டிசம்பரில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ வேறு விதமாகப் பேசியது. ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைக் காஸெட்டாயினும், ஒரு பொறி பதிந்ததை அடுத்த பொறி படிக்க இயலாது.

இந்தப் பாபேல் கோபுரத்துக்கு நடுவே வானொலி செய்த ஒரு தொண்டை இங்கு நினைவுகூர்தல் தகும். நெதர்லாந்து நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.ஓ.எஸ்., 'ஹாபிஸ்கூப்' என்னும் நிகழ்ச்சியில், 1980களின் தொடக்கத்தில் கணிப்பொறி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பியது. நேயர்கள் அதைத் தத்தம் காஸெட்டுகளில் பதிந்து பொறிக்குக் கொடுத்தனர். ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியே ஒலிபரப்புவது இயலாத காரியம். ஆகவே 'பேசிகோட்' என்னும் பொது மொழியை வகுத்தனர். நிரலின் 1000ஆம் வரிக்கு மேற்பட்ட பகுதி எல்லாப் பொறிகளுக்கும் பொது. 1000க்குக் கீழ்ப்பட்ட வரிகள் அந்தந்தப் பொறியின் தனி வழக்கை அறிந்த துவிபாஷி போல நின்று வேலை செய்யும். பிரிட்டனில் பி.பி.சி. வானொலியும் 'தி சிப் ஷாப்' என்னும் நிகழ்ச்சியில் இம்முறையைக் கையாண்டது. பொதுச் செய்தி ஒன்று, அதை உள்ளூர்ப் பேச்சில் சொல்லித்தர ஓர் இடையாள் என்னும் இவ்வமைப்பை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னால் நாம் காணப்போகும் புத்துயிர் முயற்சிகள் பலவும் இவ்வமைப்பின் மறு வடிவங்களே.

காஸெட் மெதுவானது, காந்தத் தட்டு விலை மிக்கது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி காண முயன்றவர்களுள் பிரிட்டனின் ஸின்க்ளேர் நிறுவனமும் ஒன்று. 1983இல் அது 'மைக்ரோடிரைவ்' என்னும் துணைச் சாதனத்தை ஏறத்தாழ ஐம்பது பவுன் விலைக்கு வெளியிட்டது. அதன் பேழை தபால் தலையைவிடச் சற்றே பெரியது. அதனுள் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா சுமார் ஐந்து மீட்டர் நீளம், முனையும் முடிவும் இன்றி ஒரு வளையமாகச் சுற்றப்பட்டிருந்தது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏழு எட்டு விநாடிகள் ஆகும். ஒரு பேழையில் குறைந்தது 85 கிலோபைட் கொள்ளும். காஸெட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் பிடித்த வேலை இதில் சில விநாடிகளில் முடிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டு மைக்ரோடிரைவ்களைக் கோத்துக்கொள்ளவும் இயலும். ஏழைக்கேற்ற காந்தத் தட்டு என்று பலர் வரவேற்றனர். நாளடைவில் நாடா நீண்டது, சுருங்கியது, அறுந்தது. நேற்று எழுதியதை இன்று படிக்கவியலாது தவித்தோர் பலர்.

அதே நிறுவனம் 1984 ஜனவரி 12ஆம் நாள் 'க்யூ.எல்.' என்னும் பொறியை அறிவித்தது. விலை 399 பவுன். 128 கிலோபைட் நினைவகமும், உள்ளேயே பொருத்திய இரண்டு மைக்ரோடிரைவ்களும் அதில் இருந்தன. பணம் கட்டினால் 28 நாட்களில் வந்து சேரும் என்று விளம்பரம் செய்தனர். வாங்கியோர் மாதக் கணக்கில் காத்திருந்தனர். முதலில் வந்த பொறிகளில் இயக்க நிரல் முழுதும் உள்ளே அடங்காமல், ஒரு பகுதி பின்புறத்தில் துருத்திக்கொண்டிருந்த சிறு பெட்டியில் இருந்தது. அதனினும் வியப்புக்குரியது ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரமுக்கும் க்யூ.எல்.லுக்கும் பேழை ஒன்றே. எழுதும் முறை மட்டும் வேறு. ஒன்று எழுதியதை மற்றது படிக்காது. ஒரே ஓலையில் வட்டெழுத்தும் கிரந்தமும் போல என்று கொள்ளலாம். வாணிபத்தில் தோற்ற பொறி என்று பெயர் வாங்கினும் க்யூ.எல். நல்ல மாணாக்கர்களைப் பெற்றது. பின்னாளில் லினக்ஸ் கருநிரலை எழுதிப் புகழ்பெற்ற பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் இளமையில் பயின்ற பொறிகளுள் அதுவும் ஒன்று.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்த கதை இன்னும் துயரமானது. கனெக்டிகட் மாநிலத்துக் கொலிகோ நிறுவனம் பொம்மைகளுக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும் பெயர்பெற்றது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் அது 'ஆடம்' என்னும் வீட்டுக் கணிப்பொறியைக் கடைக்கு அனுப்பியது. பொறி, விசைப்பலகை, நாடாக் கருவி, அச்சுக் கருவி எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்தன. சேமிப்புக்கு, பார்வைக்குக் காஸெட் போன்றே இருக்கும் தனி நாடாப் பேழைகள். ஒவ்வொன்றிலும் சுமார் 256 கிலோபைட் கொள்ளும். எண்ணம் சிறந்தது, அமைப்பில் இரண்டு பிழைகள் நேர்ந்தன. விசையைப் போடும் கணத்தில் பொறியிலிருந்து எழும் மின்காந்த வீச்சு, கருவியில் விட்டு வைத்திருந்த நாடாவின் செய்தியை அழிக்க வல்லதாயிருந்தது. இரண்டாவது பிழை, முழுப் பொறிக்கும் மின்சாரம் வழங்கும் பகுதியை அச்சுக் கருவிக்குள் வைத்தமை. அச்சுக் கருவி பழுதானால் கணிப்பொறியே பிணம். 1985 ஜனவரியில் கொலிகோ ஆடமைக் கைவிட்டது.

அக்காலத்தில் இவ்வாறு கைவிடப்பட்ட பொறிகள் பல. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1983 அக்டோபரில் தன் வீட்டுக் கணிப்பொறித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 1986 ஏப்ரலில் ஸின்க்ளேரின் கணிப்பொறித் தொழில் ஐந்து மில்லியன் பவுனுக்கு ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின் கைக்கு மாறியது, க்யூ.எல். அத்துடன் நின்றது. தாய் நிறுவனம் கைவிட்டபின் உதிரிப் பாகம் தருவாரில்லை, பழுது பார்ப்பாரில்லை, புதிய பேழை செய்வாரில்லை. பொறியை வாங்கிய குடும்பங்கள் அதை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டன.

பரணில் கிடந்த பொறியை முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இறக்கிப் பார்ப்போர் காணும் காட்சி எப்படிப்பட்டது? சிலிக்கன் சில்லுகளுள் பெரும்பாலானவை இன்னும் வேலை செய்கின்றன. அசையும் உறுப்புகளே முதலில் மாய்ந்திருக்கின்றன. மைக்ரோடிரைவில் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை தார் போலக் குழைந்துவிடுகிறது, அல்லது பொடியாக உதிர்கிறது. பேழைக்குள் நாடாவைத் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்துவிடுகிறது. பழைய மின்தேக்கிகள் கசிகின்றன. மூளைக்குக் குறைவில்லை, கைகால்கள் விழுந்துவிட்டன. பிறர் பேசுவதைக் கேட்கவும், தான் எண்ணியதை எழுதவும் வழியின்றி ஒரு பொறி அமர்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. புகைப்படக் கருவிகளுக்காக உருவான நினைவு அட்டைகளே அம்மருந்து. 1994இல் காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையும், 1999இல் எஸ்.டி. அட்டையும் வெளிவந்தன. எஸ்.டி. அட்டைக்கு ஓர் எளிய பேச்சு முறை உண்டு. செய்தி உள்ளே செல்ல ஒரு கம்பி, வெளியே வர ஒரு கம்பி, தாளம் போட ஒரு கம்பி, உன்னைத்தான் அழைக்கிறேன் என்று சுட்ட ஒரு கம்பி, ஆக நான்கே கம்பிகள். இலக்கங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் போதும். தாளத்தைப் பொறியே போடுவதால், எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் அட்டை பொறுத்துக்கொள்ளும். இப்பொறுமையே பழைய பொறிக்கு வாய்ப்பாயிற்று. பி.பி.சி. மைக்ரோவின் அடிப்புறத்தில், பயனர் தம் சொந்தக் கருவிகளை இணைத்துக்கொள்ள ஒரு வாயில் வைத்திருந்தனர். அதன் வழியே எஸ்.டி. அட்டையை இணைத்து, பொறிக்கு ஒரு சிறு நிரலைக் கற்பித்துவிட்டால், அது அட்டையைக் காந்தத் தட்டாகவே கருதிப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. பழைய பொறி ஐந்து வோல்ட்டில் பேசும், அட்டை மூன்றே கால் வோல்ட் அளவில் பேசும் என்பதால் இடையே குரலைத் தணித்துக் கொடுக்கும் ஒரு சிறு ஏற்பாடு மட்டும் வேண்டும்.

அளவை எண்ணிப் பார்ப்பின் வியப்பாகவே இருக்கும். இன்று மிகச் சிறியதாகக் கருதப்படும் நான்கு கிகாபைட் அட்டை ஒன்றில் சுமார் 47,000 மைக்ரோடிரைவ் பேழைகளின் செய்தி அடங்கும். ஆனால் இடத்தின் பெருமை இம்முயற்சியின் சாரமன்று. சாரம் யாதெனில், அப்பழைய பொறிக்கு இவ்வட்டை இருப்பதே தெரியாது. 1983இல் செய்த பொறிக்கு 1999இல் பிறந்த பொருளை அறிவிக்க இயலாது. யாரோ ஒருவர் இடையில் நின்று, பொறியின் வழக்கில் அட்டையைப் பேச வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு இது மிகவும் பழகிய வேலை.

அவ்விடையாளர் கையாளும் வழி இரண்டு. முதல் வழி, மாய்ந்துபோன துணைச் சாதனத்தை உள்ளது உள்ளவாறே நடித்துக் காட்டுவது. ஸ்பெக்ட்ரமின் மைக்ரோடிரைவ் இணையும் அதே வாயிலில் இணைந்து, நாடா சுழலும் கால அளவு முதற்கொண்டு பிசகாமல் பாவனை செய்யும் கருவிகள் இன்று உள்ளன. பொறியின் உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய கட்டளைகள் அனைத்தும் அப்படியே செல்லும். தன்னோடு பேசுவது நாடாவே என்று பொறி நம்புகிறது. ஃபிளாப்பித் தட்டுக் கருவியைப் போல நடிக்கும் 'கோடெக்' என்னும் சீனத்துக் கருவியும் இவ்வகைப்பட்டது. தொழிற்சாலைப் பொறிகளுக்காகச் செய்யப்பட்ட அக்கருவிக்கு ஆர்வலர்கள் புது நிரல் எழுதி, பல பழைய கணிப்பொறிகளுக்கு ஏற்றதாக்கிவிட்டனர். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறை எனலாம்.

இரண்டாம் வழி, நடிப்பை விட்டு, பொறிக்கே புதிய பாடம் கற்பிப்பது. க்யூ.எல்.லுக்கு எஸ்.டி. அட்டையைப் பொருத்தும் கருவிகள் இவ்வழியில் சென்றவை. பொறியின் இயக்க நிரலோடு புதிய இயக்கு நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டால், நாடாவின் தாமதமின்றி, காத்திருக்கும் வேதனையின்றிப் பொறி அட்டையோடு நேரே பேசுகிறது. இது கருத்தைப் பெயர்க்கும் முறை. முதல் வழியில் பழமைக்கு முழு மரியாதை உண்டு. நாடாவின் மெதுவும் உடன் வந்துவிடும். இரண்டாம் வழியில் வசதி மிகுதி. ஆனால் நாடாவின் கால அளவையே நம்பி எழுதப்பட்ட சில பழைய நிரல்கள் அங்கே தடுமாறும். திருட்டு நகலைத் தடுப்பதற்காக நாடாவிலும் தட்டிலும் வேண்டுமென்றே ஒழுங்கு மீறி எழுதிய விளையாட்டு நிரல்கள் பல உண்டு. அவை நடிப்பில் ஓர் அணுவளவு பிசகினாலும் ஏற்கா.

ஆடமின் கதைக்கும் ஒரு நல்ல முடிவு வாய்த்தது. கொலிகோ அப்பொறியை அமைத்தபோது விசைப்பலகை, நாடாக் கருவி, அச்சுக் கருவி ஆகிய அனைத்தையும் 'ஆடம்நெட்' என்னும் ஒரே பொதுத் தெருவில் குடியமர்த்தியது. ஒவ்வொரு துணைச் சாதனமும் தனக்கென ஒரு சிறு மூளையுடன் அத்தெருவில் இருந்து, அழைத்தபோது பதில் தரும். 1983இல் இது வீட்டுக் கணிப்பொறிகளிடையே அரிய ஏற்பாடு. பொறி கைவிடப்பட்டபின் அந்த ஏற்பாடே அதைக் காத்தது. அட்டாரி கணிப்பொறிகளுக்காக முதலில் உருவாக்கப்பட்ட 'ஃபூஜிநெட்' என்னும் சிறு கருவியை ஆடமுக்கும் பொருத்தியுள்ளனர். அது தெருவில் குடிபுகுந்து, ஒரு குரலில் சேமிப்புச் சாதனமாகவும், மற்றொரு குரலில் அச்சுக் கருவியாகவும் பதில் சொல்கிறது. அச்சுக் கருவி என்று நம்பிப் பொறி அனுப்பும் கடிதம், தாளில் அச்சாவதற்குப் பதில், இன்றைய கணிப்பொறியில் படிக்கத்தக்க கோப்பாக வந்து நிற்கிறது. கம்பியில்லா இணைப்பின் வழியே தொலைவில் உள்ள சேமிப்பகத்திலிருந்து நிரல்களை வாங்கித் தருவதும் உண்டு. அச்சுக் கருவிக்குள் சிறைப்பட்டிருந்த மின்சார வழங்கிக்கு மாற்றாகத் தனி வழங்கி செய்து, பொறியை அதன் பழைய விலங்கிலிருந்து விடுவித்தோரும் உளர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாடாவும் இல்லை, அச்சுக் கருவியும் இல்லை, அட்டையிலிருந்து ஓடும் பொறியைப் பழைய பொறி என்று சொல்லலாமா? மறுப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. நாடா ஓடும் ஓசையும், ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து இறுதியில் பிழை என்று படித்து ஏமாறும் அனுபவமும் அக்காலத்தின் பகுதிகளே. அவற்றை நீக்கிவிட்டு வரலாற்றை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆதலால் ரப்பர் உருளையை மாற்றி, கம்பளித் துண்டை ஒட்டி, பழைய நாடாக் கருவியையே மீண்டும் ஓட வைப்போரின் பணி மதிக்கத்தக்கது. எனினும் நம் கருத்தில், அட்டை பொருத்துவோர் செய்வது மேலும் அவசரமான தொண்டு. ஓடாத பொறி காட்சிப் பொருள். ஓடும் பொறியில்தான் ஒரு மாணவன் உட்கார்ந்து பயில முடியும். மேலும், நாடாவில் உள்ள செய்தியைப் புதிய ஏட்டுக்குக் கொண்டுவர வழி பிறப்பது, பொறியும் புதிய ஏடும் பேசிக்கொள்ளத் தொடங்கியபின் அல்லவா?

செய்தியைக் கொண்டுவரும் வேலையிலும் காஸெட்டுக்கு ஒரு வசதி உண்டு. அது ஒலி என்பதால் இன்றைய கணிப்பொறியின் ஒலி வாங்கும் துளையில் இணைத்து, பாட்டைப் பதிவது போலவே பதிந்துகொள்ளலாம்; பிறகு அந்த ஒலியிலிருந்து சுழிகளையும் ஒன்றுகளையும் நிரல் ஒன்று பிரித்தெடுக்கும். ஃபிளாப்பித் தட்டுக்கு வேறு வகை நுட்பம் உள்ளது. தட்டின் மேற்பரப்பில் காந்தத் திசை மாறும் ஒவ்வோர் இடத்தையும், அதன் பொருள் யாதென்று ஆராயாமல், உள்ளபடியே படியெடுக்கும் கருவிகள் வந்துள்ளன. எழுத்தின் பொருள் தெரியாத நிலையிலும் கல்வெட்டை மைப்படி எடுத்து வைப்பதை இது ஒக்கும். பொருளைப் பின்னர் ஆய்ந்துகொள்ளலாம். கல் சிதையுமுன் படி எடுத்துவிட வேண்டும்.

இதைக் காலத்தில் செய்யாவிடின் என்ன நேரும் என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1086இல் இங்கிலாந்தின் நிலமும் குடியும் கணக்கெடுக்கப்பட்டு 'டூம்ஸ்டே' என்னும் நூலாக எழுதப்பட்டன. அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாடு முழுவதையும் மீண்டும் ஒரு முறை பதிவு செய்தது. பள்ளிச் சிறார் உட்பட, பத்து லட்சம் பேருக்கு மேல் தத்தம் ஊரைப் பற்றி எழுதிக் கொடுத்தனர். அவையெல்லாம் பன்னிரண்டு அங்குல லேசர் தட்டுகளில் ஏற்றப்பட்டன. அத்தட்டைப் படிக்கத் தனி வகைக் கருவியும், அதனுடன் இணையும் பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியும் வேண்டும். முழு அமைப்பின் விலை ஐயாயிரம் பவுனை நெருங்கியது, வாங்கியோர் சிலரே. 15 ஆண்டுகள் செல்லுமுன் அதைப் படிக்கவல்ல கருவி கிடைப்பது அரிதாயிற்று. 900 ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதிய ஏடு படிக்கக் கிடைத்தது. முந்தைய தலைமுறை எழுதிய தட்டு வாய் மூடிவிட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் கூடி, பழைய பொறியையும் கருவியையும் புதிய கணிப்பொறிக்குள் நடிக்க வைத்து, 2002இல் அத்தட்டைப் பேச வைத்தன. 2011இல் பி.பி.சி. அவ்வூர்ச் செய்திகளை இணையத்தில் வெளியிட்டது. ஒரு பெரிய நிறுவனமும் இரு பல்கலைக்கழகங்களும் முன்வந்ததால் அச்செல்வம் தப்பியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1984-85இல் மத்திய அரசு, பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்த 'கிளாஸ்' என்னும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்த பொறி பி.பி.சி. மைக்ரோ. அவ்வகைப் பொறிகள் 12,000 பெறப்பட்டு, மாநில அரசுகளின் வாயிலாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. சண்டீகரை அடுத்த மொஹாலியில் உள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இப்பொறியை அக்கார்ன் நிறுவனத்தின் உரிமத்துடன் 'யூனிகார்ன்' என்னும் பெயரில் இங்கேயே செய்தது. அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிற்கூடத்தைத் தீ அழித்தது 1989ஆம் ஆண்டில். புனேயில் டெஸிபெல்ஸ் என்னும் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பொறியை உரிமம் பெற்று விற்றது. இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நிற்கும் நம்மவருள் பலர், தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ பள்ளியில் படித்தபோது முதன்முதல் விரல் வைத்த விசைப்பலகை இவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம்.

அவ்விசைப்பலகைகளில் நம் பிள்ளைகள் எழுதியவை எங்கே? சதுரங்க ஆட்டமோ, வாய்ப்பாடு சொல்லும் நிரலோ, ஆசிரியர் கற்பிக்கத் தாமே எழுதிய பாடமோ, எதுவாயினும் அது இந்நாட்டில் கணிப்பொறி எவ்வாறு முதன்முதல் கற்கப்பட்டது என்பதற்குச் சான்று. அரசாணைகளும் அறிக்கைகளும் காகிதத்தில் கிடைக்கும். எத்தனை பொறி வாங்கப்பட்டது என்பதை அவை சொல்லும்; அப்பொறியில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி என்ன எழுதினாள் என்பதை அவை சொல்லா. அதைச் சொல்ல வேண்டிய ஃபிளாப்பித் தட்டும் காஸெட்டும் பள்ளிக் கிடங்கிலும் வீட்டுப் பரணிலும் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றன. பணி மாற்றத்தால் ஊர் ஊராகப் பெயர்ந்து வாழும் நம் போன்ற குடும்பங்களில், ஒவ்வொரு முறை சாமான் கட்டும்போதும் முதலில் கழித்துக் கட்டப்படுவதும் அத்தகைய பெட்டியே.

ஆகவே அவ்வாறான பெட்டி உங்கள் இல்லத்தில் இருப்பின், சில வார்த்தைகளை மனத்தில் கொள்ளுங்கள். பழைய பொருள் வாங்குவோரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்வ மிகுதியால் உடனே மின்சாரத்தில் இணைத்தும்விடாதீர்கள். பி.பி.சி. மைக்ரோ போன்ற பொறிகளின் மின் வழங்கியில் உள்ள சில மின்தேக்கிகள் முதுமையால் வெடித்து அறை நிறையப் புகையைக் கக்குவது வழக்கம். தெரிந்தவரைக் கொண்டு அவற்றை முதலில் மாற்றிவிட வேண்டும். ஆடம் போன்ற பொறியாயின், விசையைப் போடுமுன் நாடாப் பேழையை வெளியே எடுத்துவிடுங்கள். காஸெட் இருப்பின், பொறி ஓடும் நாளுக்குக் காத்திராமல் அதன் ஒலியை இப்பொழுதே பதிந்து வையுங்கள். உறையின் மேல் கையால் எழுதிய பெயரும் தேதியும் இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொறியுடன் வந்த கையேட்டைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கையேட்டைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. இதுவரை நாம் கண்ட புத்துயிர் முயற்சிகள் அனைத்தையும் நோக்கினால் ஒன்று புலனாகும். பி.பி.சி. மைக்ரோவுக்கு அதன் உள்ளமைப்பை விரித்துரைக்கும் வழிகாட்டி நூல்கள் 1980களிலேயே அச்சில் வந்தன. எந்தக் கம்பியில் எது செல்லும் என்று அவை சொன்னதால், பின்னாளில் அதற்கு அட்டை பொருத்துவது எளிதாயிற்று. அத்தகைய நூல் இல்லாத பொறிகளில், பொறியையே பிரித்து, அதன் நிரலை வரி வரியாகப் படித்து, அதன் மொழியை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. சிறுபான்மைப் பொறி ஒன்றின் மொழியை அறிந்தோர் உலகெங்கும் ஒரு சிலரே இருப்பர். அவர்கள் அறிந்ததை எழுதி வைத்தால் பொறி பிழைக்கும். அட்டையும் ஒரு நாள் வழக்கொழியும். அதற்குப் பின் வேறோர் ஏடு வரும். அந்த ஏட்டுக்குப் பெயர்த்து எழுதப்போகும் ஒருவருக்கு, இப்பொறி எவ்வாறு பேசியது என்னும் குறிப்பு கையில் இருத்தல் வேண்டும். அக்குறிப்பை இன்று எழுதக்கூடியவர்கள், அப்பொறியோடு பழகிய தலைமுறையினரே. அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டு வருகிறது.